பெயரும் பிழையாகுமோ?

கச்சேரிப் படி ஏறிப் பழகிய முதியோர், அதன் வாசலில் மரநிழலிலே மேசையிட்டு அமர்ந்திருந்த விண்ணப்பம் எழுதுவோரை மறந்திரார். பேனையும் சில தாள்களும் முத்திரைகளுமே அவர்தம் முதல். ஆயினும், உள்ளே வீற்றிருக்கும் அதிகாரி எதனை ஏற்பார், எதனைத் திருப்பியனுப்புவார் என்பதை அவர்கள் நன்கறிவர். "திகதி போடேல்லைப் பிள்ளை, கையெழுத்தும் இல்லை" என்று வாசலிலேயே சொல்லிவிடுவர். அச்சிறு சொல்லினால், வரிசையில் அரை நாள் நின்று பிழையோடு திரும்பி வரும் அலைச்சல் மிச்சமாகும்.

இன்று விண்ணப்பங்கள் பலவும் கணினித் திரையிலும் கைப்பேசியிலும் நிரப்பப்படுகின்றன. மரநிழற் பெரியவரின் தொழிலை இப்பொழுது ஒரு சிறு நிரல் செய்கின்றது. படிவத்தின் கட்டங்களை நிரப்புங்கால், நிரப்புவோரின் கணினியிலேயே இருந்து அவற்றை நோக்கி, "இலக்கம் ஒன்று குறைகின்றது", "இக்கட்டம் வெறுமையாக உள்ளது" என அது சொல்லும். விண்ணப்பத்தைப் பெற்று முடிவு செய்யும் கணினியோ வேறெங்கோ தொலைவில் உள்ளது. அதனைச் சேவையகம் என்பர். செவ்வை பார்க்கும் இந்நிரலை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், எந்த இணையத்தளத்தின் படிவத்திலும் செருகிக்கொள்ளலாம். ஆதலின் அதற்குச் செருகி என்று பெயர். அத்தகைய செருகி ஒன்றை எமது கல்லூரி மாணவர் சிலர் செய்யப் புகுந்த கதையையே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

கதைக்குக் காரணமாயிருந்தது ஒரு துன்பம். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் தமக்கையார் பயிற்சிநெறி ஒன்றுக்கு விண்ணப்பிக்க முனைந்தார். விண்ணப்ப முடிவு நாள் அன்றே. நள்ளிரவு வரை நேரம் இருந்தது. வீட்டிற் கணினி இல்லாமையால் தம்பியின் கைப்பேசியில் படிவத்தைத் திறந்தார். பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறே பெயரைத் தமிழில் எழுதுக என்று படிவம் பணித்தது. அவ்வாறே எழுதினார். "செல்லாத பெயர்" என்று செந்நிறத்தில் ஒரு வரி தோன்றியது. மறுபடி எழுதினார், மறுபடியும் அதுவே. தலைப்பெழுத்தை நீக்கினார், புள்ளியை நீக்கினார், இடைவெளியை நீக்கினார். ஒவ்வொரு முறையும் ஏனைய கட்டங்களிற் பாதி வெறுமையாகி, முகவரியும் பெறுபேறுகளும் மீண்டும் எழுதவேண்டியதாயிற்று. ஈற்றில் என்ன நினைத்தாரோ, ஆங்கில எழுத்துக்களால் பெயரை எழுதினார். படிவம் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்குள் நாள் மாறிவிட்டது.

மறுநாட் காலை, "சேர், அக்காவின்ரை பேர் பிழையாம்" என்று அவன் எம்மிடம் வந்து நின்றான். கோபத்தைக் காட்டிலும் வியப்பே அவன் முகத்தில் மிகுந்திருந்தது. பெற்றோர் இட்டு, பதிவாளர் பதிந்து, பதினெட்டு ஆண்டு அழைக்கப்பட்டு வந்த பெயர் எங்ஙனம் பிழையாகும்?

நாம் கணிதம் கற்பிப்போரேயன்றி நிரல் எழுதுவதில் வல்லோம் அல்லோம். ஆயினும் அவ்வினா எம்மை விட்டபாடில்லை. தகவல் தொழினுட்பச் சங்கத்து மாணவர் நால்வரும் நாமுமாகக் கூடி, பழைய மாணவர் சங்கத்தின் பதிவுப் படிவத்துக்கென ஒரு செருகியைச் செய்வது என்று முடிவு செய்தோம். செய்து பார்த்தாலன்றி, அப்பிழை எங்கே பிறக்கின்றது என்பது விளங்காது என்பதே எமது எண்ணம்.

செய்கைக்கு முன், இவ்வேலை எமது கணினிக்குள் வந்த வரலாற்றை மாணவர்க்குச் சிறிது கூறினோம். 1990களின் நடுப்பகுதியில் வீடுகளுக்கு இணையம் ரெலிபோன் கம்பி வழியாகவே வந்தது. மொடெம் என்னும் கருவி செக்கனுக்கு 28,800 பிற்றுகளை அனுப்பினால் அது விரைவென்று கருதப்பட்ட காலம் அது. படிவத்தை நிரப்பி அனுப்பினால், அது சேவையகத்தை அடைந்து, "ஒரு கட்டம் வெறுமை" என்னும் ஒரு சொல்லுக்காக முழுப் பக்கமும் ஊர்ந்து திரும்பி வரும். 1995 மே மாதத்தில், நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார் பத்தே நாளில் ஒரு நிரல் மொழியின் முதல் வடிவத்தை ஆக்கினார். மோக்கா என்றும் லைவ்ஸ்கிரிப்ற் என்றும் அழைக்கப்பட்ட அம்மொழி, அவ்வாண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ற் என்னும் பெயரைப் பெற்றது. இணையப் பக்கத்தோடு கூடவே வந்து, பார்ப்பவரின் கணினியிலேயே அது இயங்கும். அம்மொழிக்குக் கிடைத்த முதல் வேலைகளுள் ஒன்று, படிவத்தை அனுப்புமுன் செவ்வை பார்ப்பதே. ஊஞ்சலிலே ஆடிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பிக் கடைக்கு அனுப்பியது போல, அன்று தொடங்கிய அவ்வேலையை அம்மொழி இன்றுவரை செய்துவருகின்றது.

பின்னர் 2006இல் ஜோன் றெசிக் என்பார் ஜேகுவெறி என்னும் நிரற்றொகுதியை வெளியிட்டார். அதே ஆண்டில் யோர்ன் சேஃபரர் என்பார் அதனோடு இணைத்துப் பயன்படுத்தத்தக்க செவ்வை பார்க்கும் செருகி ஒன்றை எழுதத் தொடங்கினார். எண்ணற்ற இணையத்தளங்களில் அது புகுந்தது. 2014 ஒக்ரோபரில் எச்.ரி.எம்.எல். ஐந்தாம் பதிப்பு நியமமாக அறிவிக்கப்பட்டபோது, "இக்கட்டம் கட்டாயம்", "இது மின்னஞ்சல்" என்று படிவத்திலேயே எழுதிவிட்டால் உலாவியே பார்த்துக்கொள்ளும் என்ற நிலை வந்தது.

அங்ஙனமாயின் இனிச் செருகி எதற்கு என்று ஒரு மாணவன் வினவினான். நல்ல வினா. உலாவி பொது விதிகளை அறியும். எமது தேசிய அடையாள அட்டையை அறியாது. பிழையைச் சுட்டும்போதும் அது தனக்கு அமைக்கப்பட்ட மொழியிலேயே பேசும். பெரும்பாலான கைப்பேசிகளில் அம்மொழி ஆங்கிலம். தமிழ்ப் படிவத்தை நிரப்பும் பாட்டியாருக்கு அதனாற் பயன் என்ன? எமது சொல்லை உலாவியின் வாயில் இடுவதற்கு ஒரு வழி உண்டு. அதிலும் ஒரு பொறி: பிழையென்று ஒருமுறை எழுதிவிட்டால், நிரப்புவோர் திருத்திய பின் அச்சொல்லை நிரலே அழிக்க வேண்டும். அழிக்க மறந்தால், சரியான விண்ணப்பமும் அவ்வாசலைக் கடவாது. எமது மாணவர் அதனை மறந்து ஒரு பிற்பகல் முழுவதையும் இழந்தனர் என்பதை மறைப்பானேன்?

நிற்க. பெயர்க் கட்டத்துக்கு வருவோம்.

ஒரு சொல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை நிரல் எழுதுவோர் ஒருவகைக் குறிகளால் எழுதுவர். றெகுலர் எக்ஸ்பிறெஷன் என்பது அதன் ஆங்கில வழக்கு. இக்கட்டுரையில் கோலக்குறி என்போம். அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்ரீபன் கிளீனி 1950களில் ஆராய்ந்த கருத்தொன்றிலிருந்து பிறந்தது அது. 1968இல் கென் தொம்சன் என்பார் அதனைக் கொண்டு கணினியிற் சொற்களைத் தேடும் முறையை வெளியிட்டார். ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்துத் தொடங்கி ஈற்றெழுத்து வரை எதுவும் வரலாம், வேறெதுவும் வரலாகாது என்பதே பெயர்க் கட்டங்களில் அடிக்கடி காணப்படும் கோலக்குறி. அதனை எழுதியவர் தீயவரல்லர். அவர் அறிந்த பெயர்களெல்லாம் அவ்வெழுத்துக்களால் ஆனவை, அவ்வளவே. ஆங்கில எழுத்தை ஏற்றமையால், தமக்கையாரின் பெயரைத் தள்ளியதும் இத்தகைய விதியே எனல் வேண்டும். தமிழில் எழுதுக என்று கட்டத்தின் மேலே ஒருவர் எழுதினார். ஆங்கிலமே செல்லும் என்று உள்ளே மற்றொருவர் எழுதினார். இருவரும் ஒருவரையொருவர் கண்டிலர் போலும்!

எமது மாணவன் இதற்கு ஒரு வழி கண்டான். எம்மொழியின் எழுத்தாயினும் செல்லும் எனக் கூறும் குறியொன்று 2018ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ற் நியமத்திற் சேர்க்கப்பட்டுள்ளது. அதனை இட்டான். 'கமல' என்று எழுதினான், நிரல் ஏற்றது. மகிழ்ந்து 'கமலா' என்று எழுதினான், தள்ளியது! 'கண்ணன்' என்றான், அதுவும் தள்ளுண்டது. இம்முறை விதியை எழுதியவன் தமிழன், அதுவும் அக்காவின் பொருட்டு எழுதியவன் என்பதை நினைக்க எமக்கு நகைப்பும் வந்தது; சிறிது நாணமும் வந்தது.

காரணம் இது. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் கொடுத்து வைத்துள்ள யூனிக்கோட் என்னும் முறையின் 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் அம்முறையில் 'லா' என்பது ஒன்றன்று. 'ல' என்பதும் அதன் பின் வரும் அரவும் என இரண்டு. 'ல' எழுத்து வகுப்பைச் சேர்ந்தது. அரவோ குறி என்னும் வேறொரு வகுப்பைச் சேர்ந்தது. மெய்யின் தலையிலுள்ள குற்றும் குறியே. ஆகவே "எழுத்து மாத்திரம் செல்லும்" என்றால் உயிரும், அகரம் ஏறிய மெய்யும், ஆய்தமும் செல்லும். எஞ்சிய மெய்யும் உயிர்மெய்யும் செல்லா. தனி மெய்யில்லாமலும், ஆகாரம் முதலியன ஏறாமலும் ஒரு தமிழ்ப் பெயரை ஆக்குவது எளிதா? வாசகர்கள் முயன்று பார்க்கலாம். எழுத்தோடு குறியும் செல்லும் என விதியைத் திருத்திய பின்னரே கண்ணன் உள்ளே வந்தான்.

இவ்வளவில் முடியவில்லை. சிவகாமசுந்தரி என்னும் பெயரில் எழுத்து எத்தனை? நான்காம் வகுப்புப் பிள்ளை விரல் மடக்கி எட்டு என்று சொல்லும். கணினியோ பதின்மூன்று என்னும். அரவு, விசிறி, குற்று யாவற்றையும் அது தனித்தனியே எண்ணுகின்றது. இனி, பெயர்க் கட்டத்துக்கு 12 என்று ஒருவர் எல்லையிட்டிருந்தால் என்ன ஆகும்? எட்டெழுத்துப் பெயருக்குப் பன்னிரண்டு தாராளமன்றோ என்று நாம் நினைப்போம். உலாவி பன்னிரண்டோடு நிறுத்திவிடும். ஈற்று விசிறி கட்டத்துக்குள் வராது. சிவகாமசுந்தரி 'சிவகாமசுந்தர' ஆகிவிடுவார். பிழை என்று ஒரு சொல்லும் தோன்றாது. நிரப்பியவர் கவனியாவிடின், அவ்வாறே பதிவாகி, அவ்வாறே சான்றிதழும் வரும். பிழையென்று கூவுவதிலும் கொடியது இவ்வாறு பேசாமல் வெட்டுவது என்பது எமது கருத்து. எமது செருகியில் பெயருக்கு எல்லை 200 என்று வைத்தோம்.

குடும்பப் பெயர் என்னும் கட்டத்தைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக்கி முன்னே வைப்பது எமது வழக்கம். குடும்பப் பெயர் கட்டாயம் என்று படிவம் வற்புறுத்தினால் ஒருவர் தந்தையின் பெயரை எழுதுவார்; மற்றொருவர் தம் பெயரையே இரண்டு முறை எழுதுவார்; இன்னொருவர் 'க' என்று எழுதி, "குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்" என்னும் கண்டிப்பைப் பெறுவார். முழுப்பெயர் என்று ஒரே கட்டம் வைத்தால் இத்துணைச் சச்சரவும் இல்லை. நாம் அவ்வாறே வைத்தோம்.

அடையாள அட்டை இலக்கத்திலே நாம் பட்ட பாடு வேறு. அது கணக்கோடு தொடர்புடையது ஆகையால் எமக்கு உவப்பாயிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். பழைய அட்டைகளில் ஒன்பது இலக்கங்களும், இறுதியில் 'வீ' அல்லது 'எக்ஸ்' என்னும் ஆங்கில எழுத்தும் உண்டு. 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் அட்டைகளிற் பன்னிரண்டு இலக்கங்கள், எழுத்தில்லை. இரு வகையும் வழக்கில் உள்ளமையால் இரண்டையும் ஏற்றல் வேண்டும். பழைய இலக்கத்தின் முதல் இரண்டும் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் பிறந்த நாள் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பன. பெண்களாயின் அந்நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே அம்மூன்று இலக்கங்களும் 1 தொடக்கம் 366 வரை, அல்லது 501 தொடக்கம் 866 வரை இருத்தல் வேண்டும். 400 என்று இருப்பின் எங்கோ விரல் தவறியிருக்கின்றது. புதிய இலக்கத்தில் ஆண்டு நான்கு இலக்கமாய் முன்னிற்கும், நாட்கணக்கு முன்போலவே.

இதனை அறிந்த மாணவர், பிறந்த திகதிக் கட்டத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் விதியொன்றை எழுதினர். முதற் பரீட்சைக்கு எமது அட்டையையே கேட்டனர். இலக்கத்தை இட்டோம், திகதியை இட்டோம். "உமது பிறந்த திகதி பொருந்தவில்லை" என்றது நிரல். ஒரு நாள் வித்தியாசம்! நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் பிழையான நாளிலேயே பாயசம் உண்டோமா?

தத்தம் பெற்றோரின் அட்டைகளைக் கொண்டு ஆராய்ந்ததில் புதிர் அவிழ்ந்தது. அட்டையின் கணக்கிலே பெப்ரவரிக்கு எல்லா ஆண்டிலும் 29 நாள். 1981 ஜூன் 14ஐ எடுத்துக்கொள்வோம். 1981 சாதாரண ஆண்டு; நாட்காட்டியின்படி அது 165ஆவது நாள். அட்டையிலோ 166 என்று இருக்கும்; பெண்ணாயின் 666. ஆகவே சாதாரண ஆண்டிலே பிறந்தோர்க்கு 60 என்னும் எண் வாராது. மார்ச்சு முதலாந் திகதி எப்பொழுதும் 61. இதனை அறியாமல் நாட்காட்டி விதியை அப்படியே எழுதினால், சாதாரண ஆண்டுகளில் மார்ச்சு தொடக்கம் டிசம்பர் வரை பிறந்தோர் அனைவரும் பொய்யராவர். நெட்டாண்டிற் பிறந்தோரும், ஜனவரி பெப்ரவரியிற் பிறந்தோரும் தப்புவர். நிரல் எழுதிய மாணவன் பிறந்தது ஜனவரியில். தன் இலக்கத்தை வைத்துப் பார்த்தபோது அவனுக்கு யாதொரு குறையும் தோன்றாமற் போனதில் வியப்பில்லை.

இலக்கங்களைப் பற்றிப் பேசுங்கால், மாணவர் விரும்பத்தக்க ஒரு கணக்கைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீற்றர் லூன் என்பார் 1954இல் விண்ணப்பித்து 1960இல் காப்புரிமை பெற்ற முறை அது. கடனட்டை இலக்கங்கள் இன்றும் அம்முறையையே பின்பற்றுகின்றன. 2468 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். வலப்புறத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டிக்க வேண்டும். 8இன் இரட்டி 16, ஈரிலக்கமாயின் அவற்றைக் கூட்டுக, 7. அடுத்த 6 அப்படியே. 4இன் இரட்டி 8. 2 அப்படியே. கூட்டுத்தொகை 23. அதனைப் பத்தின் மடங்காக்க இன்னும் 7 வேண்டும். அந்த 7ஐக் கடைசியில் ஒட்டி 24687 என்று வழங்குவர். ஒருவர் விரல் தவறி 26487 என்று எழுதினால் கூட்டுத்தொகை 16, வேண்டுவது 4, இருப்பது 7, பிழை அக்கணமே வெளிப்படும். ஓரிலக்கம் மாறினால் அது தவறாது பிடிக்கும். அடுத்துள்ள இரண்டு இடம் மாறினாலும், 09ஐ 90 என்று எழுதுவது ஒன்று நீங்கலாகப் பிடிக்கும். இம்முறையை நாம் மெச்சுவதற்குக் காரணம், எழுதுபவர் யார், எந்த ஊரார், என்ன பெயரினர் என்பதைப் பற்றி அது யாதொன்றும் ஊகிப்பதில்லை. விரல் தவறியதை மாத்திரம் சொல்கின்றது.

ரெலிபோன் இலக்கத்துக்கு வருவோம். பூச்சியத்திற் தொடங்கிப் பத்து இலக்கம் என்பது எமது நாட்டு வழக்கு. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் 94 என்னும் நாட்டெண்ணோடு எழுதுவர், சிலர் இடைவெளி விடுவர், சிலர் கோடிடுவர். இவற்றைப் பிழையென்று சொல்லித் திருப்புவது சோம்பல். இடைவெளியையும் கோட்டையும் நிரலே நீக்கிக்கொள்ளலாமே! அக்கட்டத்தை எண் வகையாக வைத்தலும் ஆகாது. எண்ணுக்கு முன்னுள்ள பூச்சியத்துக்கு மதிப்பில்லை என்று கணினி அதனை விழுங்கிவிடும். 077 என்பது 77 ஆகும்.

மின்னஞ்சற் கட்டத்துக்கு ஒரு மாணவன் எங்கிருந்தோ கைமுழ நீளமான கோலக்குறி ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். அதன் பொருள் அவனுக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது. பெயரின் நடுவே கூட்டற் குறி வரும் முகவரியை அது தள்ளியது. அத்தகைய முகவரி முற்றும் முறையானதே. உண்மையில், மின்னஞ்சல் முகவரியின் முழு இலக்கணம் மிகச் சிக்கலானது. எச்.ரி.எம்.எல். நியமத்தை வகுத்தோரே தாம் அவ்விலக்கணத்தை வேண்டுமென்றே மீறுவதாக எழுதி, எளிய விதியொன்றைக் கொடுத்துள்ளனர். முகவரி மெய்யானதா என்பதை அறிய, அம்முகவரிக்கு ஒரு மடல் அனுப்பிப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை.

நீண்ட கோலக்குறிகளில் வேறோர் அபாயமும் உண்டு. 2016 ஜூலை 20ஆந் திகதி, நிரலாளர் பலரும் நாடும் ஸ்ராக் ஓவர்ஃபுளோ என்னும் இணையத்தளம் 34 நிமிடம் முடங்கிற்று. வரியின் ஓரத்திலுள்ள வெற்றிடங்களை நீக்கும் ஒரு சிறு கோலக்குறியே காரணம். அன்று வந்த ஓர் ஆக்கத்தில், வரியின் நடுவே ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் தொடர்ச்சியாக இருந்தன. நிரல் முதல் வெற்றிடத்திலிருந்து இறுதி வரை சென்று, வரி முடியவில்லை என்று கண்டு மீண்டது, பின் இரண்டாவதிலிருந்து சென்றது, பின் மூன்றாவதிலிருந்து. 20,000, 19,999, 19,998 என்று ஒன்று வரை கூட்டினால் ஏறத்தாழ இருபது கோடி. கூட்டல் விருத்தி எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்க்கு இனி இதனையே சொல்வதாக இருக்கின்றோம்.

விதிகள் ஒருவாறு அமைந்தன. பிழையை எப்போது சொல்வது, எவ்வாறு சொல்வது என்பதிலே மாணவர்க்குள் விவாதம் எழுந்தது. முதலில் எழுதிய வடிவம், ஒருவர் மின்னஞ்சலின் முதலெழுத்தைத் தட்டியவுடனேயே "பிழை" என்று சிவந்தது. வாய் திறக்குமுன் குட்டும் ஆசிரியரைப் போன்றது அது. நிரப்புவோர் கட்டத்தை விட்டு அகன்ற பின்னரே சொல்லலாம் என்றும், பிழை சொல்லப்பட்ட கட்டத்தைத் திருத்தத் தொடங்கினால் சரியான அக்கணமே சிவப்பை நீக்கிவிடலாம் என்றும் முடிவாயிற்று. சிவப்பு மாத்திரம் போதாது. நிறங்களைப் பிரித்தறிய இயலாதோர் உளர். விழிப்புலனற்றோர் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கொண்டே படிவம் நிரப்புவர். அம்மென்பொருளின் காதில் விழுமாறு, பிழைச் சொல்லைக் குறித்த கட்டத்தோடு பிணைத்து வைத்தல் வேண்டும். இப்பிணைப்புக்குரிய குறிகள் நியமத்தில் உள்ளன. இரண்டு வரி வேலை. ஆயினும் பலர் செய்வதில்லை. நிரப்பிய எதனையும், எக்காரணங்கொண்டும் அழிக்கலாகாது என்னும் விதியை அம்மாணவன் தானே முதலாவதாக எழுதி வைத்தான். ஏனென்று எவரும் கேட்கவில்லை.

இனி, சேவையகத்தின் பொறுப்பு. செருகி நன்றாய் அமைந்துவிட்டதே, இனி உள்ளே வருவதெல்லாம் செம்மையானதன்றோ என்று ஒருவன் கேட்டான். அன்று. மரநிழற் பெரியவரைக் காணாமலே பின்மதிலால் ஏறி உள்ளே குதிப்போனும் உளன். ஜாவாஸ்கிரிப்றை நிறுத்திவிட்டுப் படிவத்தை அனுப்பலாம். படிவமே இன்றிச் சேவையகத்துக்கு நேரே எதனையும் அனுப்பலாம். தீயோர் அவ்வாறே செய்வர். ஆதலால் செருகி பார்த்த ஒவ்வொன்றையும் சேவையகம் மீண்டும் தானே பார்த்தல் வேண்டும். இதனைக் கேட்டு மாணவர் சிறிது சோர்ந்தனர். ஆயின் நாம் செய்ததெல்லாம் வீணோ என்றனர். காவல் செய்வது எமது செருகியின் வேலையன்று என்றோம். நேர்மையாக நிரப்புவோர்க்கு வாசலில் நின்று உதவுவதே அதன் வேலை. அதனாலேயே அதன் கடுமையும் குறைய வேண்டும்: பிழையான ஒன்றை அது விட்டுவிட்டால் உள்ளே உள்ளவர் பிடித்துக்கொள்வர், சரியான ஒன்றை அது மறித்துவிட்டால் உள்ளே உள்ளவர் அதனை அறியவும் மாட்டார். தமக்கையாரின் விண்ணப்பம் மறுக்கப்படவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். அது சேர்ந்ததேயில்லை. அப்படி ஒருவர் முயன்றார் என்பதை அந்நிறுவனத்தார் இன்றும் அறியார்.

இதனைக் கேட்டிருந்த அம்மாணவன், பெயர்க் கட்டத்தின் விதியை அன்று மாலையே மாற்றி எழுதினான். "செல்லாத பெயர்" என்பது போன்ற சொல் அதில் இல்லை. ஐயமான குறி ஏதும் காணப்பட்டால், "பெயரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று ஒரு வரியும், அதன் கீழே "எனது பெயர் இதுவே" என்று ஒரு பொத்தானும் தோன்றும். அதனை அழுத்தினால் படிவம் மேற்செல்லும், மறுப்பில்லை. செருகி முழுவதும் முந்நூறு வரிக்கு மேற்படவில்லை. முதன்முதல் நிரப்பிப் பார்த்தவர் தமக்கையாரே. தலைப்பெழுத்து, புள்ளி, இடைவெளி யாவற்றோடும் பெயரைத் தமிழில் எழுதினார். படிவம் ஒன்றும் சொல்லவில்லை. "இதென்ன, ஒண்டும் சொல்லேல்லை?" என்றார். பயிற்சிநெறிக்கு அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்து, ஆங்கில எழுத்தில் எழுதி, இடம் பெற்றார் என்பதையும் இங்கே குறித்துவிடுகின்றோம்.

பழைய மாணவர் பதிவு தொடங்கி முதல் வாரத்தில், அப்பொத்தானை அழுத்தியவர் ஒருவரே. எவர் பெயரில் எமது விதி இடறியதோ என்று கலக்கத்தோடு திறந்து பார்த்தோம். எமக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர். தம் பெயருக்குப் பின்னே ஒரு காற்புள்ளி இட்டு, 'ஜே.பி.' என்றும் எழுதியிருந்தார். பட்டம் பெயராகுமா என்று மாணவர்க்குள் மறுபடி விவாதம். "சேர், அவர் பொத்தானை அமத்திப்போட்டார்" என்றான் அம்மாணவன்; காற்புள்ளியையும் செல்லும் குறிகளின் பட்டியலிற் சேர்த்துவிட்டுக் கணினியை மூடினான்.